அஸ்தம்பட்டியில் ஒரு பெற்றோர் பயிலரங்கு: 500 ரூபாய்க்குத் தகுமா?

சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள ஒரு ஆலோசனை மையம் ஞாயிறு காலைகளில் நடத்தும் குழந்தை வளர்ப்புப் பயிலரங்குக்கு, ஒன்பது வயது மகளிடம் 'போனை வை' என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோன நானும் என் மனைவியும் சென்ற மாதம் போய் வந்தோம். தலைக்கு 500 ரூபாய் கட்டணம். ஒன்பதரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிந்தது.

அமெரிக்காவின் பெர்க்லியில் பாலர் பள்ளிக் குழந்தைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்த உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் வகுத்த மூன்று வளர்ப்பு வகைகளும், 1983இல் எலினார் மெக்கோபியும் ஜான் மார்ட்டினும் விரிவாக்கிய நான்கு வகைப் பாகுபாடும்தான் பாடத்தின் அடிப்படை. பிள்ளையிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறோம், பிள்ளை சொல்வதை எவ்வளவு காதில் வாங்குகிறோம் என்ற இரண்டு கேள்விகளில் அத்தனையும் அடங்கிவிடுகிறது. கண்டிப்பு மட்டும் இருந்தால் அதிகாரம். கனிவு மட்டும் இருந்தால் செல்லம். இரண்டும் இருந்து, விதிக்கான காரணத்தையும் பிள்ளைக்குச் சொன்னால் அதுவே பாம்ரிண்ட் பரிந்துரைத்த வழி. இரண்டுமே இல்லாத நான்காம் வகையை இரண்டு நிமிடத்தில் கடந்துவிட்டார்கள். தட்டுவடை செட் இடைவேளை அரை மணி நேரம் நீண்டதுதான் காரணம் என்பது என் சந்தேகம். செட் என்னவோ நன்றாகவே இருந்தது.

காசுக்குப் பெறுமானமாக இருந்தது, பெற்றோர் பிள்ளையாக நடிக்கும் பயிற்சி. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் தம் மகனாக நடித்தார். அப்பாவாக நடித்த பயிற்றுநர் மேசையைத் தட்டி, "வீட்டுப்பாடம் எங்கடா?" என்று அதட்டியதும், அவர் யோசிக்காமல், "முடிச்சிட்டேன்ப்பா" என்றார். நடிப்புக்கான கதையில் மகன் வீட்டுப்பாடத்தை எழுதியதாக யாருமே சொல்லியிருக்கவில்லை. அதட்டல் பொய்யைத்தான் முதலில் வரவழைக்கும் என்பதைப் பயிற்றுநர் அதற்குப் பிறகு விளக்க வேண்டியிருக்கவில்லை.

குறைகளும் உண்டு. பாதிப் பேர் தமிழில் மட்டுமே படிப்பவர்களாக இருந்தும் கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. அதைவிடப் பெரிய குறை, வீட்டில் தாத்தா பாட்டி இருப்பதாகவே பாடத்திட்டம் நினைக்கவில்லை என்பது. அமெரிக்கக் குடும்பங்களை வைத்து வகுத்த பெயர்கள் எல்லா ஊர்க் கண்டிப்புக்கும் பொருந்துமா என்று, சீனப் பெற்றோரை முன்வைத்து ஆய்வாளர் ரூத் சாவ் 1994இலேயே கேட்டிருக்கிறார். இங்கே அந்தக் கேள்வியை நான் எழுப்பியபோது 'நேரமில்லை' என்றார்கள்.

வீடு திரும்பியதும் மகளையே கூப்பிட்டுப் பேசினோம். இரவு எட்டு மணிக்குப் போனைக் கொலுப்பெட்டி மேல் வைப்பதென்று இடத்தை அவளே தேர்ந்தெடுத்தாள். பெரும்பாலான நாட்களில் வைத்தும் விடுகிறாள். எட்டரைக்கு அதை எடுத்துக் கொடுப்பவர் என் அம்மா. அடுத்த வகுப்புக்கு அவரையும் அழைத்து வரலாமா என்று மையத்தில் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.