ஜானி டாலர் வானொலித் தொகுப்பு: முதலில் பாப் பெய்லியைக் கேளுங்கள்

பழைய அமெரிக்க வானொலித் துப்பறியும் நாடகங்களைக் கேட்க ஆசை, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றைத்தான்: இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்துக்குப் போய் 'யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்' தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். முழுக்க இலவசம். 'ஓல்டு டைம் ரேடியோ ரிசர்ச்சர்ஸ்' என்ற தன்னார்வலர் குழு தொகுத்து ஏற்றியது. ஒலிபரப்பான தேதியும் கதையின் தலைப்பும் கோப்பின் பெயரிலேயே இருப்பதால், போனில் போட்டாலும் பென் டிரைவில் போட்டாலும் வரிசை கலையாது. சேகரிப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது, பெயரும் தேதியும் இல்லாத ஐந்நூறு கோப்புகளோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும்.

சிபிஎஸ் வானொலியில் 1949 பிப்ரவரியில் தொடங்கி 1962 செப்டம்பர் 30 வரை ஓடிய தொடர் இது. மொத்தம் 800க்கும் மேற்பட்ட நாடகங்கள், அதில் 700க்கும் மேல் இன்றைக்குக் கேட்கக் கிடைக்கின்றன. ஜானி டாலர் இன்சூரன்ஸ் மோசடிகளைத் துருவும் தனி ஆள், எந்தக் கம்பெனியிலும் நிரந்தர வேலை கிடையாது. அவன் ஊர் ஹார்ட்ஃபர்ட், நிஜத்திலும் அது இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் பேர்போன ஊர்தான். நகை காணாமல் போனது, கிடங்கு எரிந்தது, பாலிசி எடுத்த கையோடு ஆள் செத்துப்போனார் என்று ஏதாவது ஒரு கிளெய்ம் வரும், கம்பெனி இவனை அனுப்பும். கதையை அவன் சொல்லும் விதம்தான் தொடரின் உயிர். முழுக் கதையும் அவன் கம்பெனிக்கு அனுப்பும் செலவுக் கணக்காகவே வரும்: முதல் செலவு டாக்ஸி, இரண்டாவது விமான டிக்கெட், மூன்றாவது ஒருவருக்கு வாங்கிக்கொடுத்த மது என்று ஒவ்வொரு செலவாகச் சொல்லிக்கொண்டே போவான், அந்தச் செலவுக்குப் பின்னால் நடந்தது காட்சியாக விரியும். கடைசியில் மொத்தத் தொகை, அப்புறம் கையெழுத்து மாதிரி தன் பெயர். இந்த வடிவம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

இந்த ஒரே பாத்திரத்தை ஆறு பேர் நடித்திருக்கிறார்கள். தொகுப்பை வரிசையாகச் சேர்த்து வைத்துக் கேட்பதில் பெரிய சுகம் அதுதான். முதலில் சார்ல்ஸ் ரசல், ஹோட்டல் பையன்களுக்கு வெள்ளி டாலரை டிப்ஸாக வீசும் மிடுக்கான ஆள். 1950இல் எட்மண்ட் ஓ'பிரையன் வந்தார், பின்னாளில் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் வாங்கியவர், முரட்டுக் குரல், கதையும் அதற்கேற்ப இருண்டது. 1952இல் ஜான் லண்ட், அவரும் சினிமாக்காரர்தான், ஆனால் எனக்கு அவர் கொஞ்சம் தட்டை. 1955 முதல் 1960 வரை பாப் பெய்லி. அதற்குப் பிறகு தொடர் ஹாலிவுட்டை விட்டு நியூயார்க்குக்குப் போனதால் பெய்லி விலக, ராபர்ட் ரெடிக் சில மாதங்கள் நடித்தார் (அவருடைய அப்பா ஃப்ராங்க் ரெடிக் 1930களில் 'தி ஷேடோ' என்ற வானொலித் தொடரின் நாயகனுக்குக் குரலாக இருந்தவர்), கடைசியாக மாண்டல் கிராமர். கிராமரைப் பலர் கண்டுகொள்வதில்லை, அது அநியாயம், அவருடைய நிதானமான நடிப்பு நன்றாகவே இருக்கிறது. இவர்களுக்கெல்லாம் முன்னால், 1948இல் டிக் பவல் இந்தப் பாத்திரத்துக்கு மாதிரி நாடகம் ஒன்று பதிந்துவிட்டு வேறு தொடருக்குப் போய்விட்டார். அந்தப் பதிவும் கிடைக்கிறது, தேடிப் பிடித்துக் கேளுங்கள்.

புதிதாக வருபவர்கள் 1949இலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டாம். நேராக 1955 அக்டோபர் 3க்குப் போங்கள். பெய்லி அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறார், அத்தோடு தொடரின் வடிவமும் மாறுகிறது. வாரம் அரை மணி நேரம் என்றிருந்தது, திங்கள் முதல் வெள்ளி வரை தினம் 15 நிமிடமாகிறது, அனேகமாக வாரத்துக்கு ஒரு முழுக் கதை. ஏறக்குறைய ஒரு வருடம், 1956 நவம்பர் வரை, இப்படியே ஓடியது. ஐந்து பாகம் கிடைத்ததும் கதைக்கு மூச்சுவிட இடம் வந்துவிட்டது. சந்தேகத்துக்கு உரியவரின் மனைவி இரண்டு நிமிடம் சும்மா பேசுவார், மழை பெய்யும், ஜானிக்குத் தூக்கம் வராது. அரை மணி நேர நாடகத்தில் இதற்கெல்லாம் இடமே இருந்திருக்காது.

தொடக்கத்தைக் கவனியுங்கள். அறிவிப்பாளர் ஹாலிவுட்டிலிருந்து என்று ஆரம்பிப்பார், நடுவில் டெலிபோன் மணி அடிக்கும், எடுத்து "ஜானி டாலர்" என்று இரண்டே சொல். பெய்லி அந்த இரண்டு சொல்லை ஒரு நாள் அரைத் தூக்கத்தில் சொல்வார், ஒரு நாள் எரிச்சலாக, ஒரு நாள் யாருடைய போனுக்கோ காத்திருந்தவர் போல. நேற்றைய பாகம் எந்த நிலையில் முடிந்தது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்துவிடும். முகமே காட்டாமல் இவ்வளவு செய்ய முடிந்த நடிகர் பெய்லி. ஓ'பிரையன் அளவுக்கு சினிமாப் பெயர் அவருக்கு இல்லையே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

துணை நடிகர்களையும் விட்டுவிடக் கூடாது. வர்ஜீனியா கிரெக் என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் பணக்கார விதவை, இன்னொரு வாரம் பயந்த பெண், அப்புறம் ஜானியின் தோழி பெட்டி லூயிஸ். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தில் வரும் அம்மாவுக்குக் குரல் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர்.

இனி ஒலித்தரம். இங்கேதான் குறை சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்து வானொலி நாடகங்களில் பல, 16 அங்குல இசைத்தட்டுகளில் பதிந்து வைக்கப்பட்டவை, ஒரு பக்கத்துக்குப் பதினைந்து நிமிடம் கொள்ளும். வெளிநாட்டில் இருந்த அமெரிக்க ராணுவத்தினருக்காக விளம்பரத்தை வெட்டிவிட்டு அனுப்பிய தட்டுகள் மூலம் பிழைத்தவையும் நிறைய. தட்டிலிருந்து டேப், டேப்பிலிருந்து இன்னொரு டேப், அதிலிருந்து எம்பி3 என்று கை மாறி வந்ததால் சில நாடகங்களில் இரைச்சல் அதிகம். சிலவற்றில் வேகம் லேசாகக் கூடி, நடிகரின் குரலே மெலிந்து கேட்கிறது. பெய்லி காலத்துப் பதிவுகள் பெரும்பாலும் சுத்தம். 1949, 1950 பதிவுகளில் பொறுமை வேண்டும், நடுவில் சில நாடகங்கள் கிடைக்கவே கிடைக்காது.

ஒரே நாடகத்தை வேறு பலரும் ஏற்றியிருப்பார்கள். அளவு ரொம்பச் சிறிதாக இருக்கும் கோப்பைத் தவிர்த்துவிடுங்கள், அதிகம் அழுத்திய எம்பி3யில் 'ஸ' ஓசை எல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி கேட்கும். இதே இலவசக் கோப்புகளை டிவிடியில் போட்டு விற்கிறவர்களும் உண்டு, காசு கொடுக்க வேண்டியதில்லை. காசு கொடுப்பதானால் மூலத் தட்டிலிருந்தோ டேப்பிலிருந்தோ புதிதாக மாற்றிச் சுத்தம் செய்த பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள், வித்தியாசம் காதிலேயே தெரியும்.

ஆங்கிலம் கொஞ்சம் வேகம்தான். முதல் இரண்டு கதைக்கு ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், அப்புறம் பழகிவிடும்.

பெய்லி பிடித்துவிட்டால் அடுத்து அவருடைய முந்தைய தொடர் 'லெட் ஜார்ஜ் டூ இட்', அதிலும் வர்ஜீனியா கிரெக் வருகிறார். அதற்கும் அடுத்து ஹாவர்ட் டஃப் நடித்த 'சாம் ஸ்பேட்'. 1950இல் கம்யூனிஸ்ட் ஆதரவாளர் பட்டியல் ஒன்றில் பெயர் வந்ததோடு டஃப் அந்தப் பாத்திரத்தை இழந்தார், தொடரும் அடுத்த வருடமே முடிந்துபோனது. அதில் பெரும்பகுதி நாடகங்கள் இன்னும் கிடைக்கவில்லை. அதனால் கிடைப்பதைப் பார்த்ததும் இறக்கி, ஒரு பிரதியை ஹார்டு டிஸ்க்கிலும் வைத்துக்கொள்ளுங்கள்.