பழைய படகுக்குச் சுக்கான் கேபிள் வாங்கப்போகிறவர்களுக்கு: இரணைமாதா நகரிலிருந்து ஓர் எச்சரிக்கை

பழைய மோட்டார் படகுக்குச் சுக்கான் தொகுதி மாற்றப்போகும் எவரும், விற்பவர் காட்டும் பெட்டியை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம். சக்கரத்தின் திருப்பத்தை எஞ்சினுக்குக் கொண்டுபோகும் கேபிளின் மேலுறையில் அதன் தயாரிப்பு இலக்கம் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கியதால் நான் 58,000 ரூபாயை இழந்தேன். அதைவிடப் பெரிதாக, என்னை நம்பி ஏறிய மூன்று பேரைக் கடலில் தவிக்க விட்டேன்.

எங்கள் கரையில் உள்ள படகுகளில் பெரும்பாலானவை எஞ்சினின் கைப்பிடியைப் பிடித்து ஓட்டப்படுபவை. என்னுடையது 18 அடி நீளமான, சக்கரம் வைத்த பழைய பைபர் படகு. பின்னால் 40 குதிரைவலு யமஹா எஞ்சின். போரால் இடம்பெயர்ந்திருந்த எங்கள் சனங்கள் 2018 ஏப்ரலில் இரணைதீவுக்குத் திரும்பிய பிறகு, ஆட்களையும் அரிசி, சீமெந்து போன்ற சாமான்களையும் தீவுக்குக் கொண்டுபோவதற்கென்றே அதைப் பாவித்த நிலையில் வாங்கினேன். கடந்த மாரி முழுவதும் கரையில் ஏற்றி வைத்திருந்துவிட்டுத் தை மாதக் கடைசியில் இறக்கியபோது சக்கரம் அசைய மறுத்தது. எஞ்சினைத் தூக்கும்போது அது சுழலும் அச்சுக் குழாய் ஒன்று உண்டு. மெக்கானிக்குகள் அதை டில்ட் ரியூப் என்பார்கள். கேபிளின் நுனிக் கம்பி அந்தக் குழாய்க்குள்ளால்தான் போய்வருகிறது. உப்பும் துருவும் சேர்ந்து அந்தக் கம்பியைக் குழாயோடு இறுக்கிவிட்டிருந்தன. பழைய படகுகளில் சுக்கான் பழுதாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வவுனியாவில் படகு உதிரிப்பாகங்களும் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்டது ஒரேயொரு கேள்விதான்: “போட் எத்தனை அடி, அண்ணை?” எஞ்சினின் குதிரைவலுவை அவர் கேட்கவில்லை. சக்கரத்தின் பின்னால் இருப்பது வட்டப் பற்சக்கரப் பெட்டியா, நீளப் பற்சட்டம் கொண்டதா என்றும் கேட்கவில்லை. இரண்டுக்கும் கேபிள் வேறு. ஒரே நிறுவனத்தின் இருவேறு பற்சக்கரப் பெட்டிகளுக்குக்கூட ஒரே கேபிள் பொருந்தாமல் போகலாம். இத்தாலிச் சரக்கு, இந்த மாதம்தான் வந்திறங்கியது என்று சொல்லிக் கேபிள் இருந்த ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துத் தந்தார். அட்டைப்பெட்டியில் டெலிபிளெக்ஸ் என்று இருந்தது. அது அமெரிக்க நிறுவனத்தின் பெயர். அதன் கடல்சார் பிரிவு 2011இல் கைமாறிப் பின்னர் சீஸ்டார் என்ற பெயரில் இயங்கி, 2017இல் டொமெட்டிக் நிறுவனத்திடம் சேர்ந்தது. அந்தத் தயாரிப்பில் குறை இல்லை; பழைய அட்டைப்பெட்டி ஒன்றுக்குள் வேறொன்றைத் திணித்து விற்றவரில்தான் குறை. இதெல்லாம் தெரிந்திருந்தும் அந்த இடத்தில் நான் கேள்வி கேட்காமல் விட்டது இன்றும் மனதை உறுத்துகிறது. பற்றுச்சீட்டில் ‘போட் சாமான்’ என்று மட்டும் எழுதித் தந்தார். அதையும் நான் மறுக்கவில்லை.

கடைக்காரர் அனுப்பிய ஆள் பூட்டும்போதே கேபிள் போதவில்லை. படகின் விளிம்போரமாகப் போகவேண்டிய கேபிளை அவர் தளத்தின் குறுக்கே இழுத்து, எஞ்சினுக்குக் கிட்ட ஒரு கையளவுக்குள் மடக்கிப் பூட்டினார். இத்தகைய கேபிளின் வளைவுக்கு எட்டு அங்குல ஆரையாவது இருக்கவேண்டும். அதற்குக் குறைந்தால் உள்கம்பி உறையோடு உராய்ந்து இறுகும். “கிறீஸ் போட்டால் இளகிவிடும்” என்றார். உறைக்குள் ஓடும் கம்பிக்கு வெளியிலிருந்து போடும் கிறீஸ் போய்ச் சேராது.

ஆறு கிழமைக்குள் சக்கரம் மறுபடியும் கனத்தது. வைகாசியில், சோளகக் காற்று எழும்பியிருந்த ஒரு பிற்பகல், தீவிலிருந்து மருந்துக்கு வந்த ஓர் அம்மாவையும் அவருடைய மகளையும், உதவிக்கு வந்த என் மருமகனையும் ஏற்றிக்கொண்டு கரையை நெருங்கினேன். எங்கள் பக்கக் கடல் ஆழமற்றது; கரைக்குக் கிட்ட வந்ததும் எஞ்சினை அரைவாசி தூக்கித்தான் ஓட்டவேண்டும். தூக்கியதும், நீளம் போதாத கேபிள் முழுவதுமாக இழுபட்டது. சக்கரம் ஒரு பக்கம் மட்டுமே திரும்பியது. நான் பலம் கொடுத்துத் திருப்பியபோது, எஞ்சினையும் கேபிள் கம்பியையும் சேர்க்கும் இணைப்புக் கம்பியின் நட் கழன்று விழுந்தது. அங்கே பூட்டவேண்டியது நைலோன் வளையமுள்ள லொக் நட். கடைக்காரரின் ஆள் பூட்டியிருந்ததோ சாதாரண நட். எஞ்சின் தன்பாட்டில் திரும்ப, படகு அலைக்குப் பக்கம் காட்டி நின்றது. அந்த அம்மா மகளை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்ட குரலை என்னால் மறக்க முடியவில்லை. மருமகன் எஞ்சினை இரு கைகளாலும் பிடித்துத் திசை காட்ட, நான் வேகத்தை அடக்கி வைத்து ஒருவாறு கரை சேர்த்தோம்.

மறுநாள் கழற்றிப் பார்த்தோம். மேலே புதிதாகத் தெரிந்த கறுப்பு உறை, பாவித்த கேபிளின் மீது சூடாக்கிச் சுருக்கிய பிளாஸ்ரிக் குழாய். அதைக் கீறியபோது பழைய உறையின் வெடிப்புகள் வெளிவந்தன. இலக்கம் இருந்த இடம் உரஞ்சி அழிக்கப்பட்டிருந்தது. நுனிக் கம்பியில் காந்தம் இறுக ஒட்டியது. துருப்பிடிக்காத நல்ல எஃகில் காந்தம் அப்படி ஒட்டாது. அது பூச்சுப் பூசிய இரும்பு.

கேபிளின் நீளத்தை படகின் நீளத்தைக் கொண்டு கணிக்க முடியாது. சக்கரத்தின் மையத்திலிருந்து படகின் விளிம்பு வரை, விளிம்போரமாகப் பின்புறம் வரை, அங்கிருந்து எஞ்சினின் மையம் வரை என மூன்று தூரங்களை அளக்கவேண்டும். என் படகில் அவை 28, 108, 32 அங்குலம், மொத்தம் 168. ஒவ்வொரு செங்கோண வளைவுக்கும் நான்கு அங்குலம் கழிக்கவேண்டும். இரண்டு வளைவு, ஆகவே 160. டில்ட் ரியூபுக்குள்ளால் போகும் கேபிளுக்கு ஆறு அங்குலம் கூட்டினால் 166. அதை அடுத்த முழு அடிக்கு உயர்த்தினால் 14 அடி. எனக்கு விற்கப்பட்டது 12 அடி. நல்ல தயாரிப்புகள் பலவற்றில் இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களே அடிக்கணக்கில் நீளத்தைச் சொல்லும். இலக்கத்தை அழித்தவர் ஏன் அழித்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

திருப்பிக் கேட்கப் போனபோது, கடைக்காரர் கேபிளை மாற்றித் தர மறுத்து, மேலும் பணம் தந்தால் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ரோலிக் சுக்கான் தொகுதி பூட்டித் தருவதாகச் சொன்னார். 40 குதிரைவலுவுக்குச் சரியான கேபிளே போதும். அதோடு, அந்தத் தொகுதிக்கென்று அவர் எடுத்து வைத்த போத்தலில் இருந்தது வாகனப் பிறேக் ஒயில். அதை ஊற்றினால் பம்பிலும் சிலிண்டரிலும் உள்ள இறப்பர் அடைப்புகள் கெட்டு, சுக்கான் முழுவதும் செயலிழக்கும். தயாரிப்பாளர்கள் தங்கள் கையேடுகளில் அதை ஊற்றவே கூடாது என்று எழுதுகிறார்கள். இவரிடம் ஹைட்ரோலிக் பூட்டியவர்கள் யாராவது இருந்தால், இன்றே எண்ணெயைப் பார்ப்பிக்கும்படி மன்றாடிக் கேட்கிறேன்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இத்தகைய முறைப்பாட்டைக் காலம் தாழ்த்தாமல், மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். பொருளின் பெயர், இலக்கம், நீளம், விலை, திகதி ஆகிய எல்லாம் பற்றுச்சீட்டில் இருந்திருந்தால் என் கை எவ்வளவோ பலமாக இருந்திருக்கும்.

பிறகு கொழும்பிலிருந்து, இலக்கம் தெளிவாகத் தெரியும் 14 அடிக் கேபிளை அதற்குரிய பற்சக்கரப் பெட்டியோடு எடுப்பித்தோம். பூட்டுமுன் டில்ட் ரியூபைத் தூரிகையால் துரு நீங்கத் தேய்த்தோம். அதைச் செய்யாவிட்டால் புதுக் கேபிளும் அதே இடத்தில் இறுகும். குழாய்க்குக் கிறீஸ் அடிக்கும்போது நுனிக் கம்பியை முழுவதும் உள்ளே இழுத்துவிட்டுத்தான் அடிக்கவேண்டும்; வெளியே நிற்கும்போது அடித்தால், உள்ளே அடைபட்ட கிறீஸே சுக்கானைப் பூட்டிவிடும். இப்போது எஞ்சினைத் தூக்கிய நிலையிலும் சக்கரம் இரு பக்கமும் முழுவதுமாகத் திரும்புகிறது. கழற்றிய கேபிளை, கீறிய உறையோடு, வீட்டு விறாந்தையில் வைத்திருக்கிறேன். வாங்கப்போகிறவர்கள் வந்து கையில் எடுத்துப் பார்க்கலாம்.