காரைக்குடியில பெண்களுக்கான பிசியோதெரபி: பிரசவத்துக்கு அப்புறம் யூரின் அடக்க முடியாதவங்க கண்டிப்பா படிங்க

பிள்ள பெத்து மாசக்கணக்கா ஆகியும் யூரின் வருதுன்னு தோணுன அந்த நிமிஷமே ஓட வேண்டியிருக்கு, ஓடிப் போறதுக்குள்ள பாதி கசிஞ்சிருது, ராத்திரில பிள்ள எந்திரிக்கிறத விட நாமதான் அதிகமா எந்திரிக்கிறோம், இப்படி இருக்கிற பொண்ணுங்களுக்காகத்தான் இத எழுதுறேன். காரைக்குடில நான் போற இந்த பிசியோதெரபி சென்டரப் பத்தி ரிவ்யூ எழுதுனவங்க எல்லாரும் கழுத்து வலி, முதுகு வலி, முட்டி வலிக்குப் போய்ட்டு வந்து நல்ல இடம்னு எழுதியிருக்காங்க, ஆனா இந்தப் பிரச்சினைக்கும் இங்க வைத்தியம் இருக்குன்னு ஒருத்தர் கூட சொல்லல. இருக்கு. நல்லாவே பாக்குறாங்க. இதுக்காக மதுரைக்கோ திருச்சிக்கோ கைப்பிள்ளையத் தூக்கிட்டு பஸ் ஏற வேண்டியதில்ல. அவ்வளவு நேரம் பஸ்ல இறங்காம உக்காந்து போறதே நமக்கு எவ்வளவு பெரிய கஷ்டம்னு அனுபவிக்கிறவங்களுக்குத்தான் தெரியும். அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கிறேன், அந்த ஒண்ணு ஏன் குறைஞ்சதுன்னு கீழ சொல்லியிருக்கேன்.

எனக்கு நார்மல் டெலிவரிதான், ஆனா ரொம்ப நேரம் முக்கி, கடைசில ஆயுதம் போட்டு எடுத்தாங்க. இருமுனா தும்முனா கசியுறது ஒரு வகை, அது கீழ இருக்கிற தசை தளந்து போறதால வர்றது. எனக்கு அது கொஞ்சம்தான். பெரிய தொந்தரவு இன்னொரு வகை, திடீர்னு அவசரம் வந்துரும், வந்தா நிக்க விடாது. மூத்திரப்பைய சுத்தி இருக்கிற தசை, அது பேரு டெட்ரூசராம், பை நிறையுறதுக்கு முன்னாடியே தன்னிஷ்டத்துக்கு சுருங்குறதால வர்றது இது. ரெண்டும் சேந்தும் சிலருக்கு இருக்குமாம். எது நமக்குன்னு தெரியாம வைத்தியம் பாக்க முடியாது, அதனாலதான் இத முதல்ல சொல்றேன்.

இங்க வர்றதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல காட்டுனேன். "பிள்ள பெத்தா அப்படித்தான்மா இருக்கும், போகப் போக சரியாயிரும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஒரு யூரின் டெஸ்ட் கூட எழுதிக் குடுக்கல. அந்த வார்த்தைய நம்பி எத்தன பேரு வருஷக்கணக்கா வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்குறாங்கன்னு நினைச்சா எனக்கு இப்பவும் கோவம் வருது. அப்படித்தான் இருக்கும்னு யாரு சொன்னாலும் விட்றாதீங்க.

எங்க வீடு தேவகோட்டைப் பக்கம், பழைய வீடு. நம்ம ஊரு வீடு எப்படி இருக்கும்னு தெரியும்ல, முன் தெருவுல வாசல்னா பின் தெருவுல கொல்லை. முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டு எல்லாம் தாண்டித்தான் பாத்ரூம். ஸ்கூல் விட்டு வந்து அந்த முன் கதவுல நீளச் சாவிய விட்டுத் திருப்புவேன் பாருங்க, சாவி உள்ள போன நொடியே அவசரம் வந்துரும். பஸ்ல இருந்தப்போ இல்ல, தெருவுல நடந்தப்போ இல்ல, சரியா சாவி திருப்புறப்போ. கதவோ ஒரு கையால தள்ளுனா அசையாத தேக்கு. இத யார்கிட்டயும் சொல்லவே கூசும், பைத்தியம்னு நினைப்பாங்களோன்னு. முதல் நாள் அந்த பிசியோ மேடம்கிட்ட தயங்கித் தயங்கிச் சொன்னேன், அவங்க எழுதுறத நிறுத்திட்டு நிமிந்து பாத்து "இது நிறையப் பேருக்கு இருக்கும்மா, சாவி, குழாய்ல தண்ணி விழுற சத்தம், வீட்டு வாசல், இதெல்லாம் மூளைக்கு சிக்னல் மாதிரி பழகிப் போயிரும், பழகுனத மாத்தலாம்"னு சொன்னாங்க. அந்த ஒரு பதில்லயே எனக்குப் பாதி பாரம் இறங்கிருச்சு.

முதல் தடவ போறப்போ ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. பேசுறதுக்கே முக்காவாசி நேரம் எடுத்துக்கிறாங்க. எந்த மாதிரி டெலிவரி, தையல் எத்தன, பிள்ள எடை, மோஷன் ஒழுங்கா போகுதா, என்ன குடிக்கிறீங்க, எப்ப கசியுது எல்லாம் கேக்குறாங்க. பாக்குறது பொம்பளைங்கதான், தனி ரூம், கதவு தாழ் போட்டுக்கிறாங்க, வெறும் ஸ்க்ரீன் இல்ல. உள்ள கை வச்சு தசையோட பலம் பாக்கணுமான்னு நம்மகிட்ட கேட்டுட்டுத்தான் பாக்குறாங்க, வேணாம்னா விட்டுட்டு வெளியில இருந்தே பாக்குறாங்க, முகம் சுளிக்கிறதில்ல. யூரின் இன்பெக்‌ஷன் இல்ல, சுகர் இல்ல, போன பிறகு பையில மிச்சம் தங்கலன்னு ஸ்கேன்ல தெரிஞ்ச பிறகுதான் ஆரம்பிப்பேன்னு சொல்லி, டாக்டர்கிட்ட அனுப்பி அந்த டெஸ்ட் எல்லாம் எடுக்க வச்சாங்க. இது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. காசு வாங்குனமா மிஷின மாட்டுனமான்னு இல்ல.

அப்புறம் மூணு நாளைக்கு ஒரு டைரி. எத்தன மணிக்கு என்ன குடிச்சோம், எத்தன மணிக்குப் போனோம், எவ்வளவு போச்சு, கசிஞ்சுதா. எவ்வளவுன்னு பாக்க அளவு போட்ட ஒரு பிளாஸ்டிக் கப் தந்தாங்க. முதல்ல அருவருப்பா இருக்கும், ஆனா வைத்தியமே அந்தப் பேப்பர்லதான் இருக்கு. பெரியவங்களுக்கு மூத்திரப்பை 400, 500 மில்லி வரைக்கும் தாங்கும், 150, 200 வரும்போதுதான் முதல்ல லேசா தோணவே தோணும். என் பேப்பர்ல பாத்தா 70, 80, 90னு இருக்கு, அதுக்குத்தான் அந்த ஓட்டம். பகலும் ராத்திரியும் சேத்து எட்டு தடவைக்கு மேல போனாலே பாக்க வேண்டிய விஷயம்னாங்க, நான் அதத் தாண்டி எங்கயோ இருந்தேன். வெளிய கிளம்புறப்போ எல்லாம் எதுக்கும் ஒரு தடவ போயிட்டு வந்துருவோம்னு போறது இருக்குல்ல, அதுவே பைய கொஞ்சத்துக்கே அவசரப்பட பழக்கிருமாம்.

வைத்தியம் என்னன்னா, அவசரம் வந்தா ஓடக் கூடாது. கேக்க சாதாரணமா இருக்கு, செய்யுறது ரொம்பக் கஷ்டம். நின்ன இடத்துல நிக்கணும், முடிஞ்சா உக்காரணும், கீழ் தசைய டக் டக்னு அஞ்சாறு தடவ இறுக்கி விடணும், மூச்ச மெதுவா விடணும், மனச வேற எதுலயாவது வைக்கணும். அந்த அவசரம் அலை மாதிரி உச்சிக்கு வந்து அப்படியே இறங்கும். இறங்குன பிறகு மெதுவா நடந்து போகணும். ஓடுனா பை குலுங்கும், தசையும் சொன்ன பேச்சு கேக்காது. என் வீட்டோட அமைப்பக் கேட்டுட்டு மேடம் எனக்குன்னே ஒரு பயிற்சி சொன்னாங்க. சாவிய விட்டு, திருப்பாம அப்படியே நின்னு இறுக்கி விடணும், அவசரம் இறங்குன பிறகு திருப்பணும். வளவுல ஒரு தூணப் பிடிச்சு நிக்கணும், ரெண்டாங்கட்டு நிலைப்படில ஒரு தடவ நிக்கணும், அப்புறம்தான் கடைசிக் கட்டு. அவசரம் இல்லாத நேரத்துலயும் சும்மா வெளிய போய் கதவப் பூட்டி, திரும்ப சாவி போட்டுப் பழகச் சொன்னாங்க. முதல் வாரம் தூண்கிட்டயே நனைஞ்சு போச்சு, அழுதுட்டேன். எங்க அயித்தை வளவுல உக்காந்து பாத்துட்டே இருந்தாங்க, "ஏத்தா, கால் வலிக்குதா, ஏன் அங்கங்க நிக்கிற"ன்னு கேட்டாங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, அடுத்த தடவ போறப்போ நானும் வரேன்னாங்க. இப்ப அவங்களும் அங்கதான் பாக்குறாங்க.

கூடவே நேரத்த நீட்டுறது. முக்கால் மணிக்கு ஒரு தடவன்னு ஆரம்பிச்சு, அது தாங்குன பிறகு கால் மணி நேரம் கூட்டி, அப்படியே மூணு மணி நேரம் வரைக்கும் கொண்டு போறதுதான் குறி. நான் டீச்சர்ங்கிறதால பீரியட் பெல்ல வச்சே கணக்கு போட்டுக்கிட்டேன், ஒரு பீரியட், ஒண்ணரை, ரெண்டுன்னு. குறைஞ்சது ஆறு வாரமாவது விடாம செய்யணும்னு சொல்லித்தான் ஆரம்பிச்சாங்க, ஒரே வாரத்துல சரியாயிரும்னு ஆச வார்த்தை சொல்லல.

கீகல் பயிற்சி யூட்யூப்ல கொட்டிக் கிடக்கு, அப்புறம் எதுக்கு காசு குடுத்துக் கத்துக்கணும்னு கேக்குறவங்களுக்கு. ஆர்னால்ட் கீகல்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1948ல எழுதுனது அது, பிரசவத்துக்கு அப்புறம் தசைய பலப்படுத்தன்னு. நல்ல பயிற்சிதான், ஆனா இறுக்க வேண்டியத விட்டுட்டு வயித்தயும் தொடையவும் இறுக்குறவங்கதான் அதிகம். கேஸ் வெளிய போகாம அடக்குற மாதிரி பின்னாடியும், யூரின நிறுத்துற மாதிரி முன்னாடியும் சேத்து உள்பக்கமா மேல தூக்கணும், மூச்சப் பிடிக்கக் கூடாது. தூக்குற அளவுக்கே முழுசா தளத்தி விடவும் செய்யணும். ஒரு தடவைக்கு எட்டு, நாளைக்கு மூணு வேள, மூணு மாசமாவது. சிலருக்கு அந்தத் தசை ஏற்கனவே இறுகிப் போயிருக்குமாம், அவங்க இன்னும் இறுக்குனா அவசரம் கூடத்தான் செய்யும், அவங்களுக்கு முதல்ல தளத்தத்தான் சொல்லிக் குடுக்கணும். இத வீடியோ பாத்து நாமளா கண்டுபிடிக்க முடியாது. யூரின் போயிட்டிருக்கும்போது நடுவுல நிறுத்தி நிறுத்திப் பழகுறதும் வேண்டாம்னாங்க.

கணுக்கால் பக்கம் ஒட்டு போட்டு லேசா கரண்ட் வைக்கிறதும் இருக்கு, டென்ஸ் மிஷின்னு சொல்றாங்க. கணுக்கால்ல ஓடுற ஒரு நரம்பு மூத்திரப்பைய கட்டுப்படுத்துற நரம்போட முதுகுத்தண்டுல சேருதாம், அரை மணி நேரம் வைப்பாங்க. வலி இல்ல, சுருசுருன்னு இருக்கும், பிள்ளைய மடியில வச்சு பால் குடுத்துட்டே உக்காந்திருக்கலாம். ஆனா பேஸ்மேக்கர் வச்சவங்க, மறுபடி மாசமா இருக்கிறவங்க முன்னாடியே சொல்லிரணும்.

சாப்பாட்டு விஷயத்துல அவங்க சொன்னது எங்க வீட்டுப் பத்தியத்தோட மோதுச்சு. பிள்ள பெத்தவளுக்குத் தண்ணி அதிகம் குடுக்கக் கூடாது, வயிறு போட்டுரும்னு எங்க அப்பத்தா காலத்துல இருந்து சொல்றது. கசியுதுன்னு நாமளும் பயந்து குறைப்போம். குறைச்சா யூரின் கெட்டியாகி பைய இன்னும் எரிச்சல்தான் படுத்தும், மலமும் கட்டும், மலம் கட்டுனா அது மூத்திரப்பைய அழுத்தும். பால் குடுக்கிறவங்களுக்குத் தண்ணி கூடவே வேணும். தண்ணியப் பகல்ல பிரிச்சுப் பிரிச்சுக் குடிக்கணும், படுக்குறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி குறைச்சுக்கலாம். குறைக்க வேண்டியது காபியும் டீயும். இதுதான் எனக்குப் பெரிய தண்டனை, காலையில ஒண்ணு, பதினொரு மணிக்கு ஒண்ணு, சாயங்காலம் பலகாரத்தோட ஒண்ணுன்னு வளந்த ஊரு இது. காலை காபிய மட்டும் வச்சுக்கிட்டு மத்தத விட்டேன், டைரில வித்தியாசம் நல்லாவே தெரிஞ்சுது. பூண்டுக் குழம்பு, கீரை, கவுனி அரிசி எதையும் விடச் சொல்லல.

மாத்திரையும் இருக்கு, சோலிஃபெனாசின், மிராபெக்ரான்னு. பால் குடுக்கிறேன்னு டாக்டர்கிட்ட சொல்லாம யாரும் மெடிக்கல்ல நேரா வாங்கிறாதீங்க. முதல் வகைல வாய் வறண்டு மலம் கட்டும், ரெண்டாவதுல பிரஷர் ஏறலாம். எனக்கு இது வரைக்கும் மாத்திரை தேவைப்படல. கசிவு சரியாகுற வரைக்கும் பேட் வைக்கிறவங்களுக்கு ஒண்ணு, பீரியட்ஸ் பேட் இதுக்கு ஆகாது, யூரின் வேகமா வர்றதால ஓரத்துல வழிஞ்சிரும். யூரின் லீக்குக்குன்னே தனி பேட் இருக்கு, கேட்டு வாங்குங்க.

இப்ப குறை. சென்டர் மாடில இருக்கு, லிப்ட் இல்ல, தையல் வலியோட பிள்ளையத் தூக்கிட்டு ஏறுறது சிரமம். அத விட, பாத்ரூம் கீழ, வரவேற்பத் தாண்டி பின்னாடி. இந்தப் பிரச்சினையோட வர்றவங்களுக்கு வைத்தியம் பாக்குற இடத்துல பாத்ரூம் மாடியிலயே இருக்கணும், இத நேர்லயும் சொல்லிட்டேன், ஏற்பாடு பண்றோம்னு சொல்லியிருக்காங்க. பயிற்சி எழுதுன பேப்பர் முழுக்க இங்கிலீஷ்ல இருக்கு, அயித்தைக்கு நான்தான் தமிழ்ல எழுதிக் குடுத்தேன். சாயங்காலம் கூட்டம் அதிகம், சொன்ன நேரத்துக்குக் கூப்பிட மாட்டாங்க.

காசு ஒரு தடவைக்கு 400 ரூபா, முதல் தடவ மட்டும் கூட. ஒரேயடியா பேக்கேஜ் கட்டுங்கன்னு வற்புறுத்துறதில்ல.

எனக்கு இப்ப எப்படி இருக்குன்னா, முழுசா போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். ராத்திரி ஒரு தடவதான் எந்திரிக்கிறேன், பகல்ல ரெண்டு பீரியட் தாண்டியும் நிக்க முடியுது, சாவி திருப்புறப்போ இன்னும் லேசா வரும், ஆனா நின்னா போயிரும். போன மாசம் பள்ளத்தூர்ல ஒரு கல்யாணம், காலையில இருந்து மத்தியானப் பந்தி வரைக்கும் வளவுல எல்லாரோடயும் உக்காந்து பேசிட்டு இருந்தேன், எந்த மூலையில பாத்ரூம்னு போன உடனே தேடல.

யூரின்ல ரத்தம், காய்ச்சலோட எரிச்சல், முட்டிக்கிட்டு நின்னும் போகாம இருக்கிறது, தொடை இடுக்கு மரத்துப் போறது, கால்ல பலம் குறையுறது, இதெல்லாம் இருந்தா பிசியோவுக்குப் போகாம நேரா டாக்டர்கிட்ட போங்க.

போறவங்க காலையில பத்து பத்தரைக்குள்ள போங்க, கூட்டம் இருக்காது. டெலிவரி டிஸ்சார்ஜ் பேப்பரையும் ஏற்கனவே எடுத்த யூரின் ரிப்போர்ட் இருந்தா அதையும் எடுத்துக்கோங்க, லூசான சுடிதார் போட்டுட்டுப் போங்க, படில பிள்ளையத் தூக்க யாராவது ஒருத்தர கூடக் கூட்டிட்டுப் போங்க. வரவேற்புல எல்லார் முன்னாடியும் என்ன பிரச்சினைன்னு சொல்லக் கூச்சமா இருந்தா "பெண்கள் கன்சல்டேஷன்"னு மட்டும் சொன்னா போதும், வேற ஒண்ணும் கேக்க மாட்டாங்க.