வார்ஃபரினா, அபிக்சாபனா?

வார்ஃபரின், அபிக்சாபன் இரண்டையும் ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை என்பது பேச்சு வழக்குதான். இவை ரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. உறையவிடாமல் இழுத்துப் பிடிக்கின்றன. அடைத்துக்கொண்ட கட்டியைக் கரைக்க, பக்கவாதம் தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போடப்படும் ஆல்டிப்ளேஸ் போன்ற ஊசிகள் வேறு ரகம். இங்கே பேசுவது பக்கவாதம் வராமல் தடுப்பதைப் பற்றி.

இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு. இதயத்தின் மேலறையில் தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்விடுகிறது. இதற்கு ஆஸ்பிரினை நான் போட்டியிலேயே சேர்க்க மாட்டேன். தமனியில் கொழுப்பு படிந்து வரும் அடைப்புக்கு அது சரி. ஆனால் 2011இல் வெளியான அவெரோஸ் ஆய்வில், அபிக்சாபன் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் ஆஸ்பிரின் எடுத்தவர்களைவிடப் பாதிக்கும் கீழே இறங்கியது; பெரிய ரத்தக்கசிவோ இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆஸ்பிரின் சாது என்ற நம்பிக்கைக்கு நல்ல அடி.

வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக வந்து, 1954இல் மனிதர்களுக்கு மாறியது. வைட்டமின் கே-யின் வேலையை முடக்குவதால், கீரை திடீரென்று கூடினாலும் ஒரு ஆன்டிபயாடிக் சேர்ந்தாலும் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) ஆட்டம் காணும். பெரும்பாலோருக்கு அது 2 முதல் 3க்குள் நிற்க வேண்டும்; அதற்காக அடிக்கடி ரத்தப் பரிசோதனை. (கீரையே கூடாது என்பதில்லை, அளவு ஒரே சீராக இருந்தால் போதும்.)

அபிக்சாபனுக்கு அந்தத் தொல்லை இல்லை. 18,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற அரிஸ்டாட்டில் ஆய்வில் பக்கவாதம், ரத்தக்கசிவு இரண்டிலுமே அது வார்ஃபரினை முந்தியது. மண்டைக்குள் கசிவு பாதிக்கும் குறைவு. அதன் உறவுக்கார மாத்திரைகளில் ரிவராக்சபானை உணவோடுதான் விழுங்க வேண்டும். டாபிகட்ரான் பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சிக்கல். என் ஓட்டு அபிக்சாபனுக்கு.

ஆனால் இதயத்தில் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும், ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகவே சுருங்கியவர்களுக்கும் வார்ஃபரின்தான். செயற்கை வால்வுக்காரர்களிடம் டாபிகட்ரானைச் சோதித்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியிருந்தது.

அப்புறம் மறதி. வார்ஃபரினின் பிடி சில நாள் தங்கும். அபிக்சாபன் தினம் இருவேளை. ஒருநாள் விட்டாலே பாதுகாப்பு சரியும். பழையதிலிருந்து புதியதுக்கு மாறும்போதும், வார்ஃபரினை நிறுத்தி, ஐஎன்ஆர் 2க்குக் கீழே வந்த பிறகே அபிக்சாபனைத் தொடங்குவார்கள்.