டர்போ, நைட்ரஸ் கற்றுத் தருவதாகப் பணம் வாங்கும் பயிற்சி வகுப்புகள்: ஓர் எச்சரிக்கை

கார் இன்ஜினின் திறனைக் கூட்டும் டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி), நைட்ரஸ் (கூடுதல் ஆக்சிஜன் தரும் வாயுவை இன்ஜினுக்குள் செலுத்துவது) வேலைகளைக் கற்றுத் தருவதாக விளம்பரம் செய்திருந்த, கோயம்புத்தூர்ப் புறநகரில் ஒரு பட்டறையோடு சேர்ந்து இயங்கும் பயிற்சி வகுப்பில் 45,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். அங்கே எனக்கும் என்னுடன் படித்தவர்களுக்கும் நேர்ந்ததை, இத்தகைய விளம்பரத்தைப் பார்த்து அடுத்துப் பணம் கட்ட இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை.

செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கும் ஊர் இது. பந்தயக் கார்களின் நெளிவு சுளிவு அறிந்த மெக்கானிக்குகள் இங்கே உண்மையாகவே இருக்கிறார்கள். அந்த நற்பெயரின் நிழலில்தான் இத்தகைய விளம்பரங்கள் விலைபோகின்றன. காரின் திறனை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றி அளந்து காட்டுவோம், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்கு மேப் (எப்போது எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்பது போன்ற கணக்கு அட்டவணை) எழுதப் பழக்குவோம், டர்போவை உங்கள் கையாலேயே பொருத்த வைப்போம், பந்தய அணிகளில் வேலைக்குப் பரிந்துரைப்போம் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது டைனோ இயந்திரம் சர்வீசுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். வகுப்பு முடியும் வரை அது திரும்பி வரவே இல்லை. பாடக் குறிப்பு என்று கொடுத்தது, ஏதோ ஒரு வெளிநாட்டு கிட்டின் (காரில் பொருத்தும் பாகங்கள் அடங்கிய தொகுப்பின்) கையேட்டை, நிறுவனப் பெயர் வரும் இடங்களில் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்து எடுத்த ஜெராக்ஸ். இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதவை வேறு.

மேஜை மேல் வைத்துப் பாடம் நடத்திய டர்போவைப் புத்தம் புதியது என்றும், பயிற்சி மாணவர்களுக்கு மட்டும் சலுகை விலையில் கிடைக்கும் என்றும் பயிற்சியாளர் சொன்னார். அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் சக்கரத்தின் நடு நட்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தபோது, இறக்கைகளின் நுனி ஹவுசிங் என்ற வெளிக்கூட்டின் உட்சுவரில் தட்டியது. அந்தச் சுவரில் முன்பே உரசிய வளையக் கோடுகள் இருந்தன. வெளியே அடித்திருந்த வெள்ளிப் பெயிண்ட், போல்ட் துளைகளுக்குள்ளும் வழிந்து காய்ந்திருந்தது. எண்ணெய் இறங்கும் துளையில் கருகிய ஆயில் கட்டியாக ஒட்டியிருந்தது. அந்தச் சக்கரத்தைத் தாங்கும் தண்டு, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல வேண்டியது. நல்ல நிலையில் உள்ள டர்போவில் சிறிது ஆட்டம் இருக்கும், ஆனால் இறக்கை சுவரைத் தொடவே கூடாது. பழைய டீசல் காரிலிருந்து கழற்றிப் பெயிண்ட் அடித்த பொருள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அதைக் கேட்டபோது, "தம்பி, ஆயில் பிரஷர் ஏறினால் எல்லாம் சரியாகிவிடும், புத்தகத்தைப் படித்துவிட்டுப் பேசாதீர்கள்" என்ற பதில் வந்தது.

டீசல் காரின் டர்போவைப் பெட்ரோல் இன்ஜினில் மாட்டுவது விலை குறைந்த வழி என்பதோடு நிற்பதில்லை. டீசலில் புகையின் வெப்பம் பெரும்பாலும் 800 டிகிரி செல்சியசைச் சுற்றி நிற்கும். பெட்ரோல் இன்ஜினை முழு வேகத்தில் முடுக்கினால் அது 950 டிகிரியையும் தாண்டும். குறைந்த வெப்பத்துக்கென வார்த்த, புகை பாயும் டர்பைன் ஹவுசிங் அந்தச் சூட்டில் விரிசல் விடும். இந்த வேறுபாட்டை வகுப்பில் ஒருவரும் வாயெடுத்துச் சொல்லவில்லை.

அவர்கள் மறைத்தவற்றுள் மிகப் பெரியது இன்னொன்று. டர்போ இல்லாமல் தயாராகும் சாதாரணப் பெட்ரோல் காரில், உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் (இசியூவில் எழுதும் மேப் வேறு), நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டல அழுத்தம் வரை அளப்பதற்கென்றே வைக்கப்பட்டது. டர்போ மாட்டி அதற்கு மேல் 7 பிஎஸ்ஐ காற்றைத் திணித்தால், ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காற்று உள்ளே போகிறது. ஆனால் சென்சார் தன் உச்ச அளவிலேயே நின்றுவிடுவதால், இசியூ பழைய கணக்குப்படியே பெட்ரோலை விடுகிறது. காற்று கூடி எரிபொருள் கூடாதபோது கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்து, எரிதலின் சூடு ஏறுகிறது. அதோடு, அழுத்தப்படும் காற்றே சூடாகும். 35 டிகிரியில் உள்ளே வரும் காற்று, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாவிட்டால் 80 டிகிரியைத் தாண்டிய நிலையில் சிலிண்டருக்குள் நுழையும். இப்போது வரும் சாதாரணப் பெட்ரோல் கார்களில், கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற கம்ப்ரஷன் விகிதம் 10, 11 என்ற அளவில் ஏற்கெனவே உயர்ந்திருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்தால் ஸ்பார்க் வந்த பின், தீ பரவி வந்து சேருமுன்பே மிச்சக் கலவை தானாகவே வெடிக்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். இதைத் தவிர்க்க மூன்று பார் (வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு) வரை அளக்கும் சென்சார், பெட்ரோலைப் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர், புதிய மேப், காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர், இன்டர்கூலர் எல்லாம் வேண்டும். பயிற்சி வகுப்பு விற்ற கிட்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

என்னுடன் படித்த பொள்ளாச்சி நண்பர் ஒருவர், 85,000 ரூபாய் கொடுத்து அந்தக் கிட்டைத் தன் 1.2 லிட்டர் காரில் மாட்டிக்கொண்டார். வகுப்பின் செய்முறைப் பயிற்சி என்று அவர்கள் சொன்னது, மற்ற மாணவர்கள் ஸ்பேனர் பிடிக்க, அவருடைய காரிலேயே நடந்தது. அவர் அந்தக் காரில் தன் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர் என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும். சில வாரங்களில் பாலக்காட்டுச் சாலையில் இன்ஜின் திடீரெனத் திறன் இழந்து, சைலன்ஸரில் நீலப் புகை கக்கி நின்றது. இன்ஜினைப் பிரித்துப் பார்த்தபோது மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டனில், முதல் ரிங்கும் இரண்டாவது ரிங்கும் உட்காரும் இடைப்பட்ட விளிம்பு பெயர்ந்து வந்திருந்தது. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் உருகிய அலுமினியம் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. நாக்கிங்கின் அடையாளம் இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது. பட்டறைக்காரர்களோ, நண்பர் மட்டமான பெட்ரோல் போட்டதாகச் சொல்லிக் கையை விரித்துவிட்டார்கள்.

நைட்ரஸ் வகுப்பு இதைவிடவும் அச்சம் தருவதாக இருந்தது. நைட்ரஸ் ஆக்சைடு என்பது எரியும் வாயு, அதுவே எரிந்து திறனைத் தருகிறது என்று பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தார். அது தவறு. அந்த வாயு தானாக எரியாது. இன்ஜின் சிலிண்டரின் சூட்டில் சிதைந்து ஆக்சிஜனைத் தருகிறது. காற்றின் எடையில் ஆக்சிஜன் 23 விழுக்காடு. நைட்ரஸ் ஆக்சைடில் 36 விழுக்காடு. கூடுதல் ஆக்சிஜனுக்கு ஏற்பப் பெட்ரோலையும் கூட்டி, ஸ்பார்க் நேரத்தையும் பின்தள்ளினால்தான் திறன் கிடைக்கும். இல்லையேல் பிஸ்டன்தான் உருகும். இந்த அடிப்படையே தெரியாதவர், 50 குதிரைத்திறன் ஜெட்டா (உள்ளே போகும் வாயுவின் அளவை நிர்ணயிக்கும் சிறு துளை) 75 ஜெட்டா என்று மாணவர்களிடம் கைதூக்கச் சொல்லித் தேர்ந்தெடுக்க வைத்தார்.

வாயு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தபோது நெஞ்சு பதறியது. மருத்துவமனையில் மயக்க மருந்துக்குப் பயன்படும் நீலநிற சிலிண்டரைத் தலைகீழாகச் சாய்த்து, தகரக் கொட்டகைக்குள் வைத்து, ஒரு சிறிய பாட்டிலில் இறக்கினார்கள். நைட்ரஸைத் திரவமாக, எடை பார்த்து, பாட்டிலில் இடம் விட்டு நிரப்ப வேண்டும். அங்கே தராசே இல்லை. சிறிய பாட்டிலின் கழுத்தில் சோதனைத் தேதி பொறித்திருக்க வேண்டிய இடம் கிரைண்டரால் தேய்க்கப்பட்டிருந்தது. அழுத்த வாயுவைச் சிலிண்டரில் நிரப்புவதற்கு வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் உரிமம் வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் விதிகளிலேயே இருக்கிறது. நைட்ரஸ் ஆக்சைடின் மாறுநிலை வெப்பம் 36.4 டிகிரி. அதற்கு மேல் அது திரவமாக நிற்காது. அழுத்தம் வேகமாக ஏறும். சித்திரை, வைகாசி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் உட்புறம் இந்த அளவைத் தாண்டுவதற்கு அதிக நேரம் ஆகாது. அப்படியிருக்க, அழுத்தம் மிஞ்சினால் வாயுவைக் காருக்கு வெளியே கொண்டுபோகும் குழாய் எதுவும் இல்லாமல், அந்தப் பாட்டிலை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நைலான் பட்டையால் கட்டியிருந்தார்கள்.

சட்டம் பற்றிய பேச்சே வகுப்பில் எழவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து மாறுபடும் மாற்றத்தை வாகனத்தில் செய்யக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். அதாவது மாட்டிவிடும் பட்டறை பணத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடும். வழக்கு கார் வைத்திருப்பவர் மேல்தான் வரும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதையே காரணம் காட்டும்.

இந்த வித்தையைக் கற்க விரும்புவது தவறே அல்ல. ஆல்ஃபிரட் பியூக்கி என்ற சுவிஸ் பொறியாளர் புகையால் இயங்கும் டர்போவுக்குக் காப்புரிமை பெற்றது 1905இல். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்கள் உயரத்தில் பறக்க நைட்ரஸைப் பயன்படுத்தின. நூறாண்டாக வெளிப்படையாகக் கிடக்கும் அறிவை, தங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக ஒருவர் விற்கும்போதே ஐயப்படுங்கள். பணம் கட்டுவதற்கு முன் நேரில் போய், டைனோ ஓடுவதைக் காட்டச் சொல்லுங்கள். மேப் எழுதுபவர் யார் என்று கேட்டு, அவர் எழுதிய ஒரு காரின் காற்று-எரிபொருள் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். கிட் மாட்டுவதற்கு முன், சிலிண்டர்களில் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுப்பார்களா என்று கேளுங்கள். வாயு சிலிண்டரின் சோதனைத் தேதியையும், நிரப்பும் உரிமத்தையும் கண்ணால் பாருங்கள். இவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு மழுப்பலான பதில் வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இதே வகுப்பிலோ இது போன்ற வேறு வகுப்பிலோ ஏற்கெனவே பணம் கட்டியவர்கள், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். இன்ஜின் பழுதாகியிருந்தால், உடைந்த பிஸ்டனையும் பிளக்கையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல், தேதியோடு படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். வெளிப் பட்டறையில் பழுதின் காரணத்தைக் கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிவு செய்யலாம். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால், குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் கட்டணம் கிடையாது. நண்பரும் நானும் அந்த வழியில்தான் போயிருக்கிறோம், அவருடைய பிஸ்டன் ஆதாரமாக எங்களிடம் இருக்கிறது.