ஹேவ்லாக், நீல், லாங் ஐலண்ட்: குடிலில் தங்க எந்தத் தீவு?

அந்தமானுக்கு ஜோடியாகப் போகிறவர்களில் பலர் ஹேவ்லாக்கில் ஏசி அறை எடுத்துத் தங்கித் திரும்பிவிடுகிறார்கள். ஏசி வேண்டாம், மூங்கில் குடிலோ கூடாரமோ போதும், நம்மால் தீவுக்குப் பாரம் கூடாது என்று நினைக்கிற இருவருக்கு நான் மூன்று தீவுகளைச் சொல்வேன். ஹேவ்லாக்குக்கும் நீலுக்கும் 2018 டிசம்பரில் ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் என்று பெயர் மாறிவிட்டது. டிக்கெட் எடுக்கும்போது குழம்ப வேண்டாம்.

எந்தத் தீவிலும் பிடித்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. கரையோரக் காடு வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. தங்குமிடத்தின் வளாகத்துக்குள் இருப்பதே சரி. ஓடை கடலில் சேரும் இடமும் சதுப்புக்காட்டு ஓரமும் வேண்டவே வேண்டாம். அங்கே உப்புநீர் முதலைகள் உண்டு. 2010-இல் ஹேவ்லாக்கின் ராதாநகர் பக்கம் ஸ்நார்கெலிங் (மூச்சுக்குழாய் வைத்து மேலாக நீந்துவது) செய்த ஒரு பயணியை முதலை கொன்றது.

ஹேவ்லாக் போக வலுவான காரணம் ஸ்கூபா, அதாவது காற்று உருளையோடு கடலுக்கடியில் இறங்குவது. பயிற்சி மையங்கள் நிறைய, போர்ட் பிளேரிலிருந்து (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது) வேகப்படகில் ஒன்றரை மணி நேரம்தான். ராதாநகர் கடற்கரையை 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்தது என்றது. 2020-இல் தூய்மையான கடற்கரைக்கான நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது. அழகில் குறையே இல்லை. ஆனால் கூட்டமும் வாடகை ஸ்கூட்டர்களும் அங்கேதான் அதிகம். எலிஃபண்ட் பீச்சுக்கு எல்லோரும் மோட்டார் படகில் போகிறார்கள். காட்டுவழியே நடந்தும் போகலாம். கடலுக்கடியில் இறங்கும் எண்ணம் இல்லை என்றால் ஹேவ்லாக்கை நான் சொல்ல மாட்டேன்.

நீல் சின்னத் தீவு. ஒரு சைக்கிள் இருந்தால் முழுவதையும் சுற்றிவிடலாம். இங்கே குடியேறிய வங்காளிகளின் வயல்களும் காய்கறித் தோட்டங்களும்தான் ஊரே. போர்ட் பிளேர் சந்தைக்குப் போகும் காய் இங்கே உங்கள் குடிலுக்குப் பின்னாலேயே விளைகிறது. குறைவான பாரத்தோடு வாழ்வது என்பதற்கு இதைவிட நல்ல இடம் அந்தமானில் எனக்குத் தெரியாது. சீதாபூரில் சூரிய உதயம், லக்ஷ்மண்பூரில் அஸ்தமனம். பாறை வளைவைப் பார்க்க நீர் வற்றும் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள், பவளத்தின் மேல் மட்டும் காலை வைக்காதீர்கள். 2010-இல் கடல் சூடாகி இந்தப் பகுதியில் ஏராளமான பவளம் வெளுத்துச் செத்தது. எஞ்சியதை மிதிக்க நமக்கு உரிமை இல்லை. இன்னொன்று, தீவு கிழக்கே இருப்பதால் குளிர்காலத்தில் ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். பகலில் வந்தவர்களில் பலர் அதற்குள் படகேறிவிடுவார்கள். அப்புறம் நீண்ட மாலை உங்கள் இருவருக்குத்தான். ஆளுக்கொரு டார்ச் மட்டும் மறக்க வேண்டாம்.

லாங் ஐலண்டில் எங்கும் நடைதான். லாலாஜி பே கடற்கரைக்குக் காட்டுப்பாதையில் நடக்க வேண்டும், இல்லையென்றால் டுங்கி படகு பேச வேண்டும். தங்க இடங்கள் குறைவு. பணத்தை ரொக்கமாகவே எடுத்துப் போங்கள். இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது போகிற வழி. போர்ட் பிளேரிலிருந்து சாலையில் ரங்கத் போய்ப் படகேறுவது சுலபம், ஆனால் அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புப் பகுதிக்குள் புகுந்து போகிறது. அந்தப் பகுதியில் சாலையை மூடச் சொல்லி 2002-இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும் வாகனங்கள் அணிவகுத்து ஓடிக்கொண்டே இருந்தன. இயற்கையை மதிக்கிறேன் என்று கிளம்பிவிட்டு, ஒதுங்கி வாழ விரும்பும் மக்களின் வீட்டுக்குள் பஸ்ஸில் போவது எப்படிச் சரியாகும்? அரசுக் கப்பலில் போங்கள். அது தினமும் இருக்காது, காத்திருக்க வேண்டிவரும். அந்தப் பொறுமை இருவருக்கும் இருந்தால் லாங் ஐலண்ட், இல்லையென்றால் நீல்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை, அடுத்து வடகிழக்கு மழை. கடல் கொந்தளித்தால் படகுகள் ரத்தாகும். அதனால் சென்னை விமானத்துக்கு முந்தைய நாளே போர்ட் பிளேர் வந்துவிடுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் உறைகளைத் தீவில் விடாமல் பையிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். கரையில் ஒதுங்கும் பவளத்துண்டை நினைவுக்காக எடுத்து வருவது சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள்.