பவுசர் ஏறாத மேட்டில் சம்புப் பாத்தி: ஆறு வருஷ அனுபவம்

தலவாக்கலைக்கு மேலே ஒரு சின்ன விடுதி நடத்துகிறோம். எங்கள் ரோட்டில் கலி பவுசர், அதாவது மலக்குழி இறைக்கும் லொறி, ஏறாது, கடைசி வளைவிலேயே நின்றுவிடும். மலசலகூடக் குழி நிரம்பினால் நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சம்பு, அதாவது குளக்கரையில் கோரை மாதிரி வளரும் செடி, நட்டு மலக்குழி மண்டியைக் காயவைக்கும் பாத்திக்குப் போனது அதனால்தான்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கசியாத சீமெந்துத் தொட்டி, அடியில் துளை போட்ட குழாய், அதன்மேல் பெரிய கல், சின்னக் கல், அரைச் சாண் மணல். மணலில் சம்பு. குழிக்குள் தங்கும் மண்டியை மோட்டரால் இறைத்து ஊற்றினால் தண்ணீர் வடிந்துவிடும், மண்டி மேலே காயும்.

சம்பு எதற்கு என்று எனக்கும் முதலில் விளங்கவில்லை. காற்றடிக்கும்போது குனிந்து பாருங்கள். தண்டு ஆட ஆட, அதன் அடியைச் சுற்றி மண்டியில் மோதிரம் போல இடைவெளி விழும். அடுத்த முறை ஊற்றும் தண்ணீர் அது வழியாகத்தான் இறங்குகிறது. வெறும் மணல் என்றால் காய்ந்ததை ஒவ்வொரு தடவையும் சுரண்டி அள்ள வேண்டும். இதில் வருஷக்கணக்கில் மேலே மேலே ஊற்றலாம்.

நட்ட மூன்றாம் கிழமையே கெட்டி மண்டியை ஊற்றியது என் முதல் பிழை. பாதிச் செடி மஞ்சளாகிச் செத்தது. மறுபடி நட்டு, இரண்டு மூன்று மாசம் தண்ணியாகக் கொஞ்சம் கொஞ்சம் விட்டுப் பழக்கினேன். ஒரே பாத்தி கட்டியது அதைவிடப் பெரிய பிழை. ஜூன், ஜூலை மழையில் இங்கே வெயில் முகமே தெரியாது. மண்டி கூழாகவே கிடந்து நாறியது, தங்க வந்தவர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். இப்போது இரண்டு பாத்தி, ஒன்றுக்கு ஊற்றும்போது மற்றதுக்கு ஓய்வு. சம்புக்கு இடிக்காத உயரத்தில் ஒளி விழும் தகரமும் போட்டிருக்கிறோம்.

வடியும் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் சுத்தமில்லை. எங்கள் ஓடை கொத்மலை ஓயாவில் விழுந்து மகாவலிக்குப் போகிறது. அதனால் கல்வாழை நட்ட இன்னொரு கல் பாத்திக்கு அதைத் திருப்பினோம்.

பழைய பாத்தியை ஆறு மாசம் காயவிட்டு, இந்த வருஷம்தான் முதல் தடவை வெட்டினோம். கறுப்பு, தேயிலைத் தூள் மாதிரி உதிரி, நாற்றமே இல்லை. கீழ்வீட்டு மாமா வந்து கையில் அள்ளிப் பார்த்தார்.

"தம்பி, லீக்ஸ் பாத்திக்கு ரெண்டு சாக்கு தாயேன்."

"வேணாம் மாமா. வயித்துப் பூச்சி முட்டை இதுல வருஷக்கணக்கா சாகாம கெடக்கும்."

ஒரு கிழமை அவர் என்னோடு பேசவில்லை. சாக்கெல்லாம் டர்பன்டைன் மரத்தடிக்குப் போய்விட்டது.